காக்கி கேம்பெல் வாங்கும்போது யார் வீட்டு வாத்து என்று கேளுங்கள்

ஆரணிக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி இருக்கும் ஊர் எங்களுடையது. அறுவடை முடிந்த வயலில் வாத்துப் பட்டி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தேன். என் பெரியப்பாவுக்கு 400 வாத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் நாட்டு வாத்து. ஆரணி வாத்து, கீரி, சந்நியாசி என்று எங்கள் பக்கத்தில் பெயர் சொல்வார்கள். தண்ணீரும் சிந்திய நெல்லும் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் பட்டியை ஓட்டிக்கொண்டு போவார். நத்தை, புழு, உதிர்ந்த நெல் இவைதான் தீவனம். கையில் இருந்து காசு போட்டுத் தீனி வாங்கியதை நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அப்படி ஊர் ஊராக அலைய முடியாது. வீட்டுக்குப் பின்னால் 30 சென்ட் இடம், ஒரு சின்னக் குட்டை, கொட்டகை. இதற்குக் காக்கி கேம்பெல் என்னும் வாத்து இனம்தான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், உடம்பு 2 கிலோ சுற்றித்தான் இருக்கும், அடைக்கு உட்காராது, அடைத்து வைத்தும் வளர்க்கலாம் என்று படித்தும் இருந்தேன். 2014 தை மாதம் ஒரு வியாபாரியிடம் 60 குஞ்சு எடுத்தேன்.

ஐந்து மாதத்தில் முட்டை வரும் என்றார்கள். ஏழாவது மாதம்தான் முதல் முட்டை கிடைத்தது. ஆண்டு முழுக்கக் கணக்கு எழுதிக் கூட்டிப் பார்த்தால் ஒரு பெட்டைக்கு 150 முட்டைதான் வந்திருந்தது. தீவனத்தில் குறை இல்லை. வாத்து காலராவுக்கும் வாத்து பிளேக்குக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டு நேரத்துக்கு ஊசி போட்டேன். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை இருந்தால் மற்ற கோழியினத்தை விட வாத்துக்குத்தான் முதல் அடி விழும் என்பது தெரிந்து, மூட்டை மூட்டையாக முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். அப்படியும் 150.

ஒரு நாள் சாயங்காலம் பெரியப்பா வந்தார். ஒரு பெட்டையைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்குக் கண்ணுல மை தீட்டின மாதிரி கோடு இருக்குது பாருடா. நம்ம பட்டியில இருக்கிற வாத்துக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலகின் அடியில் ஆரம்பித்துக் கண் வழியாகக் காதுப் பக்கம் போகும் கருப்புக் கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆண் வாத்துகளுக்குப் பளபளக்கும் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம். அதையும் அழகு என்றே நினைத்தேன்.

அதற்கு அர்த்தம் தெரிய ஐந்து வருடம் ஆனது. 2019இல் மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் இங்கிலாந்தில் குளோஸ்டருக்குப் போனோம். ஆறு மாதம் இருந்தோம். பேரன் தூங்கும் நேரத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் மருமகன்தான் சொன்னார்: "மாமா, உங்க காக்கி கேம்பெல் பிறந்த ஊர் இங்கேயிருந்து பக்கம்தான், வாங்க போயிட்டு வரலாம்." எனக்கு நம்ப முடியவில்லை. உண்மைதான். அந்த ஊர் பெயர் யூலி. காட்ஸ்வோல்ட் மலைச் சரிவில், கல் வீடுகளும் புல்வெளியுமாக இருக்கும் சின்னக் கிராமம்.

அங்கே இருந்த அடேல் கேம்பெல் என்ற அம்மையார்தான் இந்த இனத்தை உருவாக்கியவர். அவரிடம் ஓர் இந்தியன் ரன்னர் பெட்டை இருந்தது. 196 நாளில் 182 முட்டை இட்ட பெட்டை. அதை ரூவான் என்னும் பிரெஞ்சுப் பெரிய வாத்தோடு சேர்த்தார். பிறகு காட்டு மல்லார்ட் வாத்தின் ரத்தத்தையும் கலந்தார். 1898இல் 'கேம்பெல்' வெளியே வந்தது. நிறம் இன்னும் வெளிறினால் நன்றாக இருக்கும் என்று மறுபடி ரன்னரோடு சேர்த்தபோது கிடைத்த மண் நிறம், அன்றைய பிரிட்டிஷ் சிப்பாய்களின் சீருடை நிறமாக இருந்தது. அதனால் காக்கி கேம்பெல் என்று பெயர். அந்தச் சொல்லே பாரசீகம், உருது வழியாக நம் பக்கத்திலிருந்து போனதுதான்; காக் என்றால் புழுதி. ஆனால் இந்தியன் ரன்னர் இந்தியாவின் வாத்து இல்லை. ஜாவா, லோம்போக் தீவுகளில் நெல் வயலுக்கு நடத்திக் கூட்டிப்போகும் நெட்டை வாத்து. பெரியப்பா ஓட்டுவது மாதிரியே அங்கேயும் வயலில் ஓட்டுவார்கள் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

யூலியில் பார்க்கப் பண்ணை எதுவும் இல்லை. ஆனால் அடுத்த சில மைலில் ஒரு வயதான அம்மா கேம்பெல் வளர்ப்பதாக மகளின் உடன் வேலை செய்பவர் சொல்லி, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனோம். நான் வாத்துக்காரன் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. தேநீர் கூடக் கொடுக்காமல் நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மருமகன்தான் மொழிபெயர்த்தார். பாதிக்கு மேல் அது தேவைப்படவில்லை.

அங்கே இரண்டு அடைப்பு இருந்தது. ஒன்றில் எட்டு, இன்னொன்றில் பதினைந்து. இரண்டும் காக்கி கேம்பெல். ஒரு பெட்டையை அந்த அடைப்பிலிருந்தும் ஒன்றை இந்த அடைப்பிலிருந்தும் பிடித்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். இடது கையில் இருந்தது கனமாக, வயிறு ஆழமாக, தலையிலிருந்து வால் வரை ஒரே சீரான காக்கி. ஒவ்வோர் இறகிலும் மெல்லிய கோலம். வலது கையில் இருந்தது சின்ன உடம்பு, ஒடிசலான கழுத்து, முதுகு வெயிலில் வெளுத்துச் சாயம் போன துணி மாதிரி, வால் இறகு இரண்டு உடைந்து கிடந்தது. எனக்கு இடது கைப் பறவைதான் பிடித்தது. "கண்காட்சிக்கு அதுதான் போகும்" என்றார். "ஆனால் வருடத்துக்கு 180 முட்டை. மற்றது போன வருடம் 290. இறகைப் புதுப்பிக்க அதற்கு எங்கே நேரம்?"

வலது கைப் பெட்டையின் பின்பக்கம், வாலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புக்கு நடுவே விரலை வைக்கச் சொன்னார். மூன்று விரல் தாராளமாகப் போனது. தோல் மெத்தென்று இருந்தது. மற்றதில் இரண்டு விரல் நுழையவே நெருக்கம். முட்டை இடும் வாத்துக்கு இடைவெளி விரிந்திருக்கும், ஓய்வில் இருப்பதற்குச் சுருங்கும் என்பது பெரியப்பாவுக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் ஒரே இனம் என்று பெயர் சொல்லும் இரண்டு பறவையை ஒரே நேரத்தில் அப்படித் தொட்டுப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே இனம். ஆனால் 40 வருடமாக ஓர் அடைப்பில் நிறத்தையும் உருவத்தையும் பார்த்துத் தாய் தகப்பனைப் பொறுக்கியிருக்கிறார்கள், இன்னொன்றில் முட்டையை எண்ணிப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே 110 முட்டை வித்தியாசம் என்றால், நாடு விட்டு நாடு போனால் கேட்கவே வேண்டாம். நெதர்லாந்தில் முட்டை ஒன்றையே குறியாக வைத்து இந்த வாத்தை வளர்த்து 300ஐத் தாண்டிய மந்தைகளை உண்டாக்கினார்கள். அமெரிக்கா 1941இல்தான் இதைத் தன் அதிகாரப்பூர்வ இனப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஏராளமாகக் குஞ்சு விற்பது பொரிப்பகங்கள்தான், தனி வளர்ப்பாளர் வம்சம் வேறு. நம் நாட்டில் பெங்களூர் பக்கம் ஹெசரகட்டாவில் மத்திய அரசு நிலையம் இந்த இனத்தைப் பராமரித்து வந்தது. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பரவி, அப்புறம் பண்ணை பண்ணையாக, வியாபாரி வியாபாரியாகக் கை மாறியது. ஒவ்வொரு கை மாறும்போதும் யாரோ ஒருவர் எதையோ பார்த்துப் பொறுக்குகிறார், அல்லது எதையும் பார்க்காமல் விடுகிறார். இப்படிப் பார்க்காமல் விடுவதாலும் வம்சம் மாறிக்கொண்டே போகும்.

அந்த அம்மா மூன்றாவதாக ஒரு சின்னக் கூண்டைக் காட்டினார். வெள்ளை உடம்பில் பழுப்புக் கோடு போட்ட இரண்டு பெட்டை. பெயர் அபாகாட் ரேஞ்சர். முதல் உலகப் போர்க் காலத்தில் கோல்செஸ்டர் பக்கம் ஆஸ்கர் கிரே என்பவரின் பண்ணையில், காக்கி கேம்பெல் குஞ்சுகளுக்கு நடுவே நிறம் தப்பிப் பிறந்தவற்றிலிருந்து வந்த இனம். இங்கிலாந்தில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஜெர்மனியில் 'ஷ்ட்ரைஷர்' என்று பெயர் வைத்துக் காப்பாற்றினார்கள். 1934இல் அங்கே இனமாக ஏற்றார்கள். திரும்ப இங்கிலாந்து அதை ஏற்றுக்கொண்டது 1987இல். பிறந்த வீட்டில் தொலைந்து புகுந்த வீட்டில் பிழைத்த வாத்து. வெல்ஷ் ஹார்லெக்வின் என்று இன்னொன்று உண்டு. 1949இல் லெஸ்லி பானெட் என்பவர் தன் காக்கி கேம்பெல்களில் வெளிறிப் பிறந்த குஞ்சுகளைத் தனியாக எடுத்து வளர்த்தது. வேறு யாராவது என்றால் 'நிறம் தப்பிவிட்டது' என்று அன்றைக்கே கறிக்குப் போட்டிருப்பார்கள்.

கடைசியாக என் போனில் இருந்த வீட்டு வாத்துப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, கண்ணோரக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அப்பா கேம்பெல். அம்மா வேறு யாரோ" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா மை தீட்டிய கோடு என்று சொன்ன அதே கோடு.

பிறகு விளக்கினார். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம் ஊரில் குஞ்சு வாங்கும் யாருக்கும் இது காசு மிச்சம் பிடிக்கும். காக்கி நிறத்துக்கான மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் பெட்டைக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான், அதுவும் அப்பனிடமிருந்து மட்டும் வரும். ஆகவே ஒரே ஒரு காக்கி ஆண் வாத்தை எந்த நாட்டுப் பெட்டையோடு விட்டாலும், பிறக்கும் பெட்டைக் குஞ்சுகளுக்கு அந்த மண் நிறம் ஏறிவிடும். பார்ப்பவர் காக்கி கேம்பெல் என்றுதான் சொல்வார். ஆனால் சுத்தமான காக்கி கேம்பெல்லுக்கு முகத்தில் கோடு இருக்கக் கூடாது, முகம் முழுக்க ஒரே நிறம். கோடு, காட்டு வாத்தின் கோலத்திலிருந்து வருவது. நாட்டு வாத்தில் அந்தக் கோலம் இருக்கிறது, அது ஓங்கி நிற்கும் குணம். அதனால் நிறம் அப்பனைப் போலவும் கோடு அம்மாவைப் போலவும் வரும். ஆண் குஞ்சுகளோ காக்கியாகவே வராது; பச்சைத் தலையும் கழுத்து வளையமுமாக வரும். நான் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அசல் காக்கி ஆண் வாத்தின் தலை வெண்கலம் கலந்த மங்கல் நிறம், கழுத்தில் வளையம் கிடையாது.

டெவன் பக்கம் ஹம்ப்ரீஸ் என்பவர் இதே விஷயத்தை நல்லதுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அவர் உருவாக்கிய டார்க் கேம்பெல் பெட்டையோடு காக்கி ஆணைச் சேர்த்தால், பொரித்த அன்றே நிறத்தை வைத்து ஆண், பெண் பிரித்துவிடலாம்.

நமக்கு இதில் கிடைக்கும் உபயோகம் இன்னும் எளிது. ஒரு நாள் குஞ்சுப் பெட்டியைத் திறந்ததும் முகத்தைப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் கருங்கோடு பளிச்சென்று ஓடினால் அது கலப்பு. பெட்டியில் பாதி கருமையாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தாலும் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வளர்ந்த தாய் வாத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். முகம் சுத்தமாக இருந்தாலும் அது இனத்துக்கு மட்டும்தான் சாட்சி, முட்டைக்கு இல்லை. அந்த அம்மா என் இடது கையில் கொடுத்த பறவை அதற்கு அத்தாட்சி. எனவே அடுத்த கேள்வி, "இதன் தாய் போன வருடம் எத்தனை இட்டது?" நோட்டை எடுத்துக் காட்டுகிறவர் கிடைத்தால் இரண்டு மடங்கு விலை கேட்டாலும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஊர் திரும்பியபோது கையில் முட்டை எதுவும் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் கூடாது, பறவை நோய்க்குப் பயந்து எந்த நாடும் அனுமதி இல்லாமல் விடாது. 2021இல் ஓர் அரசுப் பண்ணையிலிருந்து 40 குஞ்சு எடுத்தேன். முதல் வாரத் தீனியில் ஒரு மாற்றம் செய்தேன். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே வாத்துக்குஞ்சுக்கும் போட்டால் நியாசின் சத்து போதாமல் கால் வளையும். கொஞ்சம் ஈஸ்ட் கலந்து கொடுத்தேன். போன தடவை நாலு குஞ்சு நொண்டியது, இந்தத் தடவை ஒன்று கூட இல்லை. வளர்ந்தபின் கோடு தெரிந்தவை, தாடைக்குக் கீழே வெள்ளை விழுந்தவை எல்லாவற்றையும் முட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 18 பெட்டை, 3 ஆண் என்று வம்சத்துக்குப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் காலில் எண் போட்ட வளையம்.

ஒவ்வொன்றாக எப்படி எண்ணுவது என்பதுதான் பெரிய வேலை. வாத்து பெரும்பாலும் விடிகாலையிலேயே இட்டுவிடும், 9 மணிக்கு மேல் இடுவது அபூர்வம். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் இரவில் மூங்கில் தட்டி வைத்துத் தனித்தனி அறையாகத் தடுத்து, காலை 9 மணி வரை திறக்காமல் வைத்தேன். ஏழு நாள் கணக்கை வைத்து மாதத்தைக் கணித்தேன். மனைவிதான் நோட்டில் எழுதினாள், என்னை விட ஒழுங்காக. ஒரு வருட முடிவில் சராசரி 214. 17ஆம் எண் 261. 5ஆம் எண் 140. ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கிய வாத்துகள்!

214 ஏன் 290 ஆகவில்லை என்று முதலில் மனம் சோர்ந்தது. பிறகு யோசித்தேன். குளோஸ்டரில் ஜூன் மாதம் ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருந்தது. வாத்து முட்டை இடுவதற்குப் பகல் நீளம் பெரிய தூண்டுதல். நமக்கு வருடம் முழுக்கப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல், 13க்குள். சித்திரை வெயிலில் வாத்து வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடக்கும், தீனியே எடுக்காது. அதனால் ஒரு நாட்டின் எண்ணிக்கையை இன்னொரு நாட்டுக்கு அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. என் 17ஆம் எண்ணை என் 5ஆம் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். வைகாசியில் குட்டைக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டதும், காலை 6 மணிக்கு முன்பே முதல் தீனி வைத்ததும் அடுத்த கோடையில் நல்ல பலன் கொடுத்தது.

பெரியப்பா என் காக்கி வாத்தில் பத்தை ஒரு வாரம் தன் பட்டியோடு ஓட்டிப் பார்க்கிறேன் என்று கூட்டிப்போனார். மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். "இது நடக்கிற வாத்து இல்லடா, குந்திக்கினு தின்ற வாத்து." இங்கிலாந்தில் இதே இனம் மழை ஈரத்தில் தோட்டம் முழுக்க நத்தையைத் தேடித் தின்பதைக் கண்ணால் பார்த்தேன். என்னுடையது தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் தின்று பழகிய வம்சம்.

அவருடைய பட்டியில் என் ஆண் வாத்து ஒன்று கூடப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். முட்டை கூடும் என்று பலர் நாட்டு வாத்துப் பட்டியில் காக்கி ஆணை விடுகிறார்கள். முதல் தலைமுறையில் கொஞ்சம் கூடும், அதோடு ஐந்து மைல் நடந்து தன் தீனியைத் தானே தேடும் வாத்து கரைந்து போகும். கலந்து வளர்க்கிறவர் கலப்பு என்று சொல்லி விற்றால் எனக்கு வருத்தமில்லை. 150 முட்டை இட்டாலும் என் முதல் 60 நல்ல வாத்துகளே. அவற்றைக் கேம்பெல் என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

ஆண் வாத்து விஷயத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். இரண்டாம் தலைமுறையில் 17ஆம் எண்ணின் மகனையே அதன் அக்கா தங்கைகளோடு விட்டேன். பொரிப்பு சரிந்தது, 20 முட்டைக்கு 11 குஞ்சு. இப்போது வேறு மாவட்டத்தில் நோட்டு வைத்திருக்கும் ஒரு நண்பரோடு வருடத்துக்கு ஒரு தடவை ஆண் வாத்தை மாற்றிக்கொள்கிறோம். அவர் கொடுப்பதும் அதிகம் இட்ட தாயின் மகன், நான் கொடுப்பதும் அப்படியே. ஆறு பெட்டைக்கு ஓர் ஆண். ஆண் முட்டை இடாது என்பதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குகிறவர்கள் அதிகம். பிறக்கும் ஒவ்வொரு பெட்டையிலும் பாதி அது.

இந்த வருடம் 17ஆம் எண்ணுக்கு வயது நாலு. முட்டை குறைந்துவிட்டது, ஓடும் கொஞ்சம் சொரசொரப்பு. அதன் முட்டை ஒன்பதை நாட்டுக் கோழி ஒன்றுக்கு அடை வைத்திருக்கிறேன், கேம்பெல் தானாக உட்காராதே. இன்றைக்கு 22ஆம் நாள். நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஏழில் அசைவு தெரிகிறது. இன்னும் ஆறு நாள். பொரித்ததும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பேன்.